என் பெயரில் எழுதிய நோய்

என்னைப் பைத்தியம் ஆக்கியது என் தாய்மாமன்தான். கோபத்தில் சொல்லவில்லை, கையில் கோப்பு இருக்கிறது. ஆறு வருடம், மாதம் ஒரு தடவை, மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் நான் வைத்தியம் பார்த்துக்கொண்டதாக அந்தக் கோப்பு சொல்கிறது. காதில் குரல் கேட்கிறதாம். மனதில் நினைப்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதி எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நம்புகிறேனாம். ராத்திரியில் தூக்கம் கிடையாதாம். கீழே டாக்டரின் கையெழுத்து. மேலே என் பெயர், என் வயது, என் அப்பா பெயர்.

எனக்கு அப்படி ஒரு குரலும் கேட்டதில்லை. ஒத்தக்கடையில், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் காதில் விழுவதெல்லாம் "மோட்டார் ரெடியாண்ணே, பயிரு காயுதுண்ணே" என்ற குரல்தான். தூக்கத்துக்கும் குறைவில்லை. நோய் என் தம்பிக்கு.

அவன் என்னைவிட ஒன்பது வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு திருவாதவூர் வீட்டில் தனியாக இருந்துகொண்டு, இரண்டு ஏக்கரைப் பார்த்துக்கொண்டு, அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். ஒரு நாள் போனபோது தலையில் துண்டை இறுக்கக் கட்டியிருந்தான். தலைவலியா என்று கேட்டேன்.

"இல்லண்ணே. படிச்சதெல்லாம் வெளிய போகுது. எவனோ எடுத்து எழுதிக்கிறான்."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மின்விசிறிகூட இல்லாமல் வேர்வையில் ஊறி உட்கார்ந்திருந்தான். "மீட்டர்ல ஓடுறது கரண்ட் இல்லண்ணே, என் நினைப்பு" என்றான். அப்புறம்தான் மாமாவைக் கூப்பிட்டேன். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருந்தவர், நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்கிறவர்.

அவரும் நானும்தான் தம்பியை மதுரைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் வீட்டு போர்டில் 'நரம்பு' என்று பெரிய எழுத்தும், 'மனநலம்' என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவில் சின்ன எழுத்தும் இருந்தன. எங்களைப் போன்றவர்களின் வசதிக்காகத்தான். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பேனாவை எடுத்தாள். "பேரு யாரு பேருல போடணும்?" என்று கேட்டாள். நோயாளியின் பெயர் என்ன என்று கேட்கவில்லை. நகைக்கடையில் பில் போடுகிற மாதிரி, யார் பேரில் போடணும் என்று கேட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். "உன் பேரைச் சொல்லு மாப்ள."

"நான் எதுக்கு மாமா?"

"உனக்குத்தான் கல்யாணம் முடிஞ்சு ரெண்டு புள்ளையும் ஆச்சே, இனிமே எவன் விசாரிக்கப் போறான்? அவன் வயசுப்பய. நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா, எவனாவது இங்க ஒரு எட்டு வந்து விசாரிச்சா முடிஞ்சுபோச்சு. கவர்மெண்டு வேலையும் அம்புட்டுதான்."

எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. கல்யாணமாகாத பிள்ளைக்கு வருகிற சில நோய்களைக் கல்யாணமானவர் பெயரில் எழுதுவார்கள். என் பெயரைச் சொன்னேன். வயதையும் சொன்னேன். அந்தப் பெண் எழுதினாள். என்னைக் கட்டி வைத்துச் சொல்ல வைக்கவில்லை. நன்றாக யோசித்து, தெளிவான புத்தியோடுதான் சொன்னேன்.

உள்ளே டாக்டர் கோப்பைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "வயசுக்கு ரொம்பச் சின்னவராத் தெரியிறாரே" என்றார். மாமா நெளிந்தார். டாக்டர் சிரித்தார்.

"பரவாயில்ல. நெறைய வீட்ல இப்படித்தான் செய்றாங்க. மாத்திரை சரியான வாய்க்குள்ள போனாப் போதும்."

மாத்திரை சரியான வாய்க்குள்தான் போனது. நாலு மாதத்தில் துண்டு இறங்கியது. தம்பி வயலுக்குப் போனான், ரேஷன் கடைக்குப் போனான், பரீட்சையும் எழுதினான். மாத்திரையால் கை லேசாக நடுங்கும், முகம் கொஞ்சம் உப்பியிருக்கும், மதியம் தூங்குவான். அவ்வளவுதான். மாதாமாதம் மருந்துக்கடையில் என் பெயரில் சீட்டு நீட்டுவேன். என் மனைவி, "ஊருக்கே மோட்டாரு சரிபண்றாரு, இவருக்குத்தான் காயில் எரிஞ்சிருச்சு" என்று கேலி பண்ணுவாள். அந்த ஆறு வருடமும் அது எங்களுக்கு வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு திருமங்கலம் பக்கமிருந்து சம்பந்தம் வந்தது. மாமா பார்த்த இடம். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மாமா தம்பியின் கையைப் பார்த்தார். காப்பி டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது.

"மூணு வாரம் மாத்திரைய நிறுத்து மாப்ள. அவுங்க வந்து போகட்டும். அப்புறம் தின்னுக்கலாம். எங்க ஓடிப்போகுது?"

டாக்டரிடம் கேட்கலாம் என்றேன். "ஆறு வருஷமா உன்கிட்ட ரூவா வாங்குற ஆளு, நிறுத்துன்னா சொல்லுவான்?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தம்பி மாத்திரையை நிறுத்தினான். பெண் வீட்டார் வந்த அன்று அவன் கண் பளிச்சென்று இருந்தது. கை ஆடவில்லை. கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், வயலைப் பார்த்தார்கள். "நல்ல சுறுசுறுப்பான புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் அதற்கு முந்தின நாலு நாளும் தூங்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பளிச்சுக்குக் காரணம் அதுதான்.

அவர்கள் வந்துபோன நாலாம் நாள் மின்கணக்கு எடுக்கிறவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போகிற மனிதர். தம்பி அவருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறான். அவர் குடித்துவிட்டு அட்டையில் எழுத ஆரம்பித்தபோது, மண்வெட்டிக் காம்பால் தலையில் அடித்தான். இரண்டாவது அடி கண்ணில் விழுந்தது. இடது கண் போய்விட்டது. அட்டையைப் பிடுங்கிக் கிழித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருக்கிறான். பிறகு ரத்தத்தைப் பார்த்துவிட்டு, 108-க்கு அவனே போன் பண்ணினான். "வீட்டு வாசல்ல ஒருத்தருக்கு மண்டை உடைஞ்சிருக்கு, வெரசா வாங்க" என்று வழியெல்லாம் சொல்லியிருக்கிறான்.

போலீஸ் வந்தபோது வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். கொலை முயற்சி வழக்கு. மதுரை ஜெயில். அங்கேதான் அவனுடைய நோய் முதன்முதலாக அவன் பெயரில் எழுதப்பட்டது. ஜெயில் டாக்டர் மூன்று நாளில் கண்டுபிடித்து, அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மாத்திரை ஆரம்பித்துவிட்டார். ஆறு வருடமாக நாங்கள் மூடி மறைத்ததை அரசாங்கம் மூன்று நாளில் எழுதி முத்திரையும் குத்திவிட்டது. விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் பெண் வீட்டார் நம்பரை மாற்றிவிட்டார்கள்.

சட்ட உதவியில் ஒரு வக்கீல் கிடைத்தார். என் மனைவியின் வயதுதான் இருக்கும், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "ஜெயில்லயே எழுதிட்டாங்களே மேடம், பைத்தியம்னு. அப்ப விட்டுருவாங்கல்ல?" என்று கேட்டேன்.

"சட்டம் அதைக் கேக்கலண்ணே. நோய் இருக்கான்னு கேக்கல. அந்த அஞ்சு நிமிஷம், என்ன செய்றோம்னு தெரிஞ்சுதா, அது தப்புன்னு தெரிஞ்சுதா? நோயினால அது தெரியாத நிலைமையில இருந்தாருன்னா குற்றமில்ல. தெரிஞ்சுதுன்னா, எம்புட்டு நோய் இருந்தாலும் குற்றம்தான். இதை நிரூபிக்க வேண்டியது அரசாங்கம் இல்ல, நாமதான்."

"இப்ப நல்லாத்தானே இருக்கான், மாத்திரை தின்னு."

"அதான் பிரச்சனை. விசாரணையில நிக்கிற அளவுக்குத் தெளிவா இருக்காருன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அடிச்ச அன்னைக்கு எப்படி இருந்தாருன்னு அவுங்களால சொல்ல முடியல. அவுங்க பாத்தது அதுக்கப்புறம்தானே. முன்னாடி எங்கயாச்சும் வைத்தியம் பாத்தீங்களா? ஒரு சீட்டு இருந்தாக்கூடப் போதும்."

சீட்டு ஆறு வருடத்துக்கு இருக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். மேல் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பக்கத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

வக்கீல் சொன்ன அந்தப் பிரிவுக்குப் பழைய சட்டத்தில் எண்பத்து நான்கு என்று எண். புதுச் சட்டத்தில் இருபத்திரண்டு. எண் மாறியிருக்கிறதே தவிர கேள்வி மாறவில்லை. அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒரே ஒருவனைத்தான் கேட்கிறது, காம்பைப் பிடித்தவனை. பெயரை மாற்றச் சொன்னவருக்கும், மாற்றிச் சொன்னவனுக்கும், மாற்றியது தெரிந்தே வைத்தியம் பார்த்தவருக்கும் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. மாத்திரையை நிறுத்தியபோதும் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் சாயங்காலமானால் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வருகிறோம்.

ஊர்க்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று வக்கீல் விசாரித்துப் பார்த்தார். எல்லாருக்கும் தம்பிமேல் பிரியம். "தங்கமான புள்ள மேடம், தெளிவான புள்ள, ஒரு நாள் ஒருத்தர எதுத்துப் பேசுனதில்ல" என்று மாறி மாறிச் சொன்னார்கள். அந்தத் 'தெளிவான' எங்களுக்கு எதிராகத்தான் போகும் என்பதால், போதும் என்று வக்கீல் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். மாமாவிடம் நானே போய்க் கேட்டேன், பெயரை மாற்றச் சொன்னது நீங்கள்தான் என்று கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்று.

"என் பேத்திக்கு இப்பதான் சாதகம் எடுத்திருக்கோம் மாப்ள. நான் கூண்டுல ஏறி எங்க வம்சத்துல இப்படின்னு சொன்னா, அவ கதி?"

"அவன் கதி?"

"அவனுக்கு நல்ல வக்கீலாப் பாரு. ரூவா வேணும்னா நான் தாரேன்."

அவரை நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எந்தப் பிரிவும் என்னைக் காப்பாற்றியிருக்காது.

கோர்ட்டில் முதல் சாட்சி கண் போனவர். நான் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தண்ணீர் கொடுத்ததைச் சொன்னார். எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணையில், அடிக்கும்போது அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டார். "என் தலைக்குள்ள இருக்கிறத எழுதாதேன்னு கத்துனாப்ல. நான் யூனிட்டத்தான்யா எழுதுறேன்னு சொன்னேன். கேக்கல" என்றார். எங்கள் பக்கத்தில் இத்தனை சொந்தக்காரர்கள் இருந்தும், தம்பிக்கு உதவுகிற ஒரு உண்மையைச் சொன்னது அவன் அடித்த மனிதர்தான்.

வெளியே வராந்தாவில் அவரிடம் போய் நின்றேன். அவரே பேசினார்.

"உங்க தம்பிக்கு ஒண்ணும் தெரியலன்னு தீர்ப்பு வந்தா, அவரு மேல குத்தமில்ல. சரி. அப்ப என் கண்ணுக்கு யாருப்பா பொறுப்பு?"

எனக்குத் தெரிந்த பதிலை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துச் சாட்சியாக நான் ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் மாற்றியது, மாத்திரை நிறுத்தியது, எல்லாம். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். நிதானமான மனிதர், சத்தம் போடவில்லை.

"இந்தக் கோப்புல இருக்கிறது உங்க பேருதானே?"

"ஆமா சார்."

"அப்பா பேரு?"

"எங்கப்பா பேருதான். அவனுக்கும் அவருதான் சார் அப்பா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், சிரிப்பு நின்றது.

"போன் நம்பர்?"

"என்னோடது."

"மருந்து வாங்குன பில்லு?"

"என் பேருல."

"அப்ப நோயாளி நீங்கதானே?"

"இல்ல சார். பேரு மட்டும்தான் என்னோடது. எனக்கு ஒரு நோயும் கிடையாது."

"இந்த நோய் இருக்கிறவங்க பொதுவா அப்படித்தான் சொல்வாங்க, இல்லையா? எனக்கு நோயே இல்லைன்னு?"

தம்பியைப் பற்றி டாக்டரும் முதல் நாள் இதையேதான் சொன்னார்.

"சரி, நோய் இல்லைன்னே வைப்போம். அப்ப ஆறு வருஷம் டாக்டர்கிட்டயும் மருந்துக்கடையிலயும் பொய் சொல்லியிருக்கீங்க. அது தப்புன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்க."

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"தம்பிக்கு நல்லதுன்னா பொய் சொல்லுவீங்க."

"அன்னைக்குச் சொன்னேன்."

"இன்னைக்கும் தம்பிக்கு நல்லதுதானே பண்ண வந்திருக்கீங்க?"

உட்கார்ந்துவிட்டார். ஒன்று, நான் பைத்தியம், என் சாட்சி செல்லாது. இல்லையென்றால் நான் பொய்யன், என் சாட்சி செல்லாது. சட்டம் கேட்கிற கேள்வியை, என்ன செய்கிறோம் என்று தெரிந்ததா, தப்பென்று தெரிந்ததா என்பதை, அன்று என்னிடம்தான் கேட்டார்கள். இரண்டுக்கும் தெரியும் என்றேன். தெளிவாகத் தேறிவிட்டேன்.

தம்பி போன் பண்ணியதையும் அரசு வக்கீல் விடவில்லை. அடித்தவன் ரத்தத்தைப் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறான், அதனால் செய்த காரியம் என்னவென்று அவனுக்குத் தெரியும் என்று வாதாடுகிறார். அடிபட்டவர் வாசலில் கிடக்க, தம்பி உள்ளே போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டிருந்தால் எங்களுக்கு நல்லதாம். எங்கள் வக்கீல் அதைச் சொல்லும்போது அவருக்கே கூசியது. அன்று அந்த மண்டைக்குள் நல்லதாக மிச்சமிருந்தது அந்த ஒரு போன்தான். அதுதான் இப்போது அவனுக்கு எதிரான சாட்சி.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஜெயித்தாலும் அவன் நேராக வீட்டுக்கு வந்துவிட முடியாது. மனநல மருத்துவமனையில் பாதுகாப்பில் வைக்கலாம். இல்லையென்றால் பார்த்துக்கொள்வேன் என்று உறுதி எழுதிக் கொடுக்கிற சொந்தக்காரரிடம் ஒப்படைக்கலாம். அந்தச் சொந்தக்காரன் நான்தான். கோர்ட்டில் கிடக்கிற கோப்பின்படி, குரல் கேட்கிற ஆள்.

கடைசியாக, தம்பிக்கு ஆறு வருடம் வைத்தியம் பார்த்த டாக்டர் வந்தார். கோப்பைக் கொடுக்க நோயாளியின் சம்மதம் வேண்டும் என்று சொல்லி, என்னிடமே எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். நானும் 'நோயாளி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வக்கீல் தம்பியைக் காட்டிக் கேட்டார், நீங்கள் வைத்தியம் பார்த்தது இவரைத்தானா என்று.

டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் எழுந்து கும்பிட்டான். ஆறு வருடமும் அவர் அறைக்குள் நுழையும்போது கும்பிட்ட அதே கும்பிடு.

"ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பாக்குறேன். முகம் ஞாபகமில்ல. பதிவேட்டுல இருக்கிறதத்தான் என்னால சொல்ல முடியும்."

பதிவேட்டில் இருப்பது நான். தம்பி கும்பிட்ட கையைக் கீழே இறக்கவில்லை. போலீஸ்காரர்தான் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

கோர்ட்டு வாசலில், டாக்டரின் கார் பக்கத்தில், நான் போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி எப்படிப்பா இருக்கான்? தூக்கம் வருதா? கை நடுக்கம் குறைஞ்சிருக்கா? ஜெயில்ல அந்த ராத்திரி மாத்திரையத்தான் குடுக்குறாங்களான்னு கேளு. அது இல்லன்னா அவனுக்குத் தாங்காது."

"முகம் ஞாபகமில்லன்னீங்களே ஐயா."

"பேரு மாத்தி எழுதுனேன்னு நான் ஒத்துக்கிட்டா என் லைசென்ஸ் போயிரும்ப்பா. புரிஞ்சுக்க."

புரிந்தது. கார் போய்விட்டது.

நடந்ததை வக்கீலிடம் சொன்னேன். டாக்டர் ஐயா, உங்களைத் திரும்பக் கூண்டில் ஏற்றக் கேட்டு மனுப் போட்டோம். கோர்ட்டு அனுமதித்துவிட்டது. இதற்கிடையில் என்னிடம் ஆள் அனுப்பியிருக்கிறீர்கள், இனிமேல் தம்பிக்கு ஆயுள் முழுக்க இலவசமாக வைத்தியம் பார்க்கிறேன், கூண்டில் ஏற்றுவதை வற்புறுத்த வேண்டாம் என்று. உங்கள் இரக்கம் உண்மையானது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எரிகிறது. என்னிடம் தனியாக ஒன்றும் சொல்லாதீர்கள், டாக்டர் ஐயா, ஆளும் அனுப்பாதீர்கள். பொய் சொன்னேன் என்று நான் அத்தனை பேர் முன்னால் நின்று சொன்னேன், பொய்யன் என்று பெயரும் வாங்கிக்கொண்டேன். உங்கள் முறை வந்திருக்கிறது. ஒன்று லைசென்ஸ் போகும், இல்லையென்றால் அவனுக்கு எத்தனை வருடம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணை இழந்த அந்த மனிதரும் அன்று வருகிறார், அவருக்கும் கேட்க வேண்டும். கூண்டில் ஏறி, நீதிபதி முன்னால், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: ஆறு வருடம் உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தது நானா, என் தம்பியா?